மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(குண்டசாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச வந்த பொருள் மனச்சோர்வு. வீட்டுக்குள் முணுமுணுத்துப் பேசும் பொருள். பக்கத்து வீட்டாருக்குக் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திப் பேசும் பொருள். காய்ச்சல் வந்தால் சத்தமாகச் சொல்கிறோம். சீனி வருத்தம் வந்தால் சத்தமாகச் சொல்கிறோம். பிரஷர் என்றால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறோம். இதை மட்டும் ஏன் ஒளிக்கிறோம்? யாரிடமிருந்து ஒளிக்கிறோம்? ஒளித்து ஒளித்து எத்தனை பேரை இழந்திருக்கிறோம்?

பிள்ளை பரீட்சையில் தவறினால் கவலை வரும். வியாபாரம் படுத்தால் கவலை வரும். நல்ல செய்தி ஒன்று வந்தால் அந்தக் கவலையில் பாதி இறங்கிவிடும். மனச்சோர்வு வந்த மனம் நல்ல செய்திக்கும் அசையாது. முன்பு பிடித்த பாட்டு பிடிக்காது, பிடித்த சாப்பாடு பிடிக்காது, பெற்ற பிள்ளையின் சிரிப்புக்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போலிருக்கும். தூக்கம் கெடும், பசி கெடும், உடம்பு ஓயும், கவனம் நிற்காது. இப்படி இரண்டு கிழமைக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி இருந்தால் வைத்தியர்கள் அதை ஒரு நோயாகப் பார்க்கிறார்கள். பெயர் உள்ள நோய். மருந்து உள்ள நோய். மாறக்கூடிய நோய்.

ஆனால் நம் மக்கள் வைத்தியரிடம் போய், "எனக்கு மனச்சோர்வு" என்றா சொல்கிறார்கள்? "தல கனக்குது, நெஞ்சடைப்பா இருக்கு, கை கால் ஓயுது, ஒரே யோசனையா இருக்கு" என்கிறார்கள். நோய் உடம்பின் வாயால் பேசுகிறது.

தோட்டத்தில் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், உங்களுக்கே ஒரு பெயர் நினைவுக்கு வரும். விடிய முன் எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்து, நிறை குறைந்தால் அரைப் பேரோடு, அரைநாள் சம்பளத்தோடு, திரும்பும் தாய். கணவர் குடிக்கிறார். மூத்த மகள் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு நாள் இந்தத் தாய்க்குக் கண் விழித்தும் எழும்ப முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. டிஸ்பென்சரிக்குப் போனார், பனடோல் கிடைத்தது. மீண்டும் போனார், விட்டமின் கிடைத்தது. அதற்கும் மாறாதபோது லயத்தில் பேச்சு எழுந்தது: "அவளுக்கு ஒன்னுமில்ல, வேலைக் கள்ளம்." சில நாட்களில் அவரே அதைச் சொல்லத் தொடங்கினார்: "நான் எதுக்கும் ஒதவாதவ. என்னால எல்லாருக்கும் கரைச்சல்."

இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் மாதம் இந்தப் பக்கத்தில் யாருக்கு மறக்கும்? திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு எரிந்தன. அப்படி எரிந்த கடை ஒன்றின் முதலாளி. கடன் பட்டுக் கட்டினார், பெயின்ட் அடித்தார், பெயர்ப்பலகை மாட்டினார். கட்டடம் எழும்பியது, அவர் எழும்பவில்லை. கல்லாவில் மகன் உட்காருகிறான், வாப்பா பின் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். கேட்டால், "எனக்கு ஒண்டுமில்ல மகன்" என்கிறார்.

அந்தத் தாயின் சொல்லை மீண்டும் கேளுங்கள். "நான் எதுக்கும் ஒதவாதவ." இருபது வருடம் ஒரு குடும்பத்தைத் தோளில் சுமந்தவர் சொல்லும் சொல்லா இது? யார் சொல்ல வைத்தது? காய்ச்சலில் உடம்பு சுடுகிறது. அது அந்த மனிதரின் குணமா, காய்ச்சலின் குணமா? தன்னையே பெறுமதியற்றவராக நினைப்பது மனச்சோர்வின் குணம். நோயின் அடையாளங்கள் என்று வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கும் பட்டியலில் தூக்கக் கேட்டோடும் களைப்போடும் இதுவும் இருக்கிறது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு நோய் எளிதாக வரலாம், உண்மைதான். ஆனால் நன்றாக இருந்த மனிதரின் தன்மதிப்பையும் இந்த நோய் தின்றுவிடும். ஆகவே "முதலில் உன் மேல் நீ நம்பிக்கை வை, பிறகு எல்லாம் சரியாகும்" என்று அவரிடம் சொல்வதில் பயனில்லை. எது போய்விட்டதோ அதையே கொண்டுவரச் சொல்கிறோம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கண்டி மண்ணோடு தொடர்புள்ள ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

1904 ஆம் ஆண்டின் இறுதியில் லெனார்ட் வுல்ஃப் என்ற இருபத்துநாலு வயது ஆங்கில இளைஞர் இலங்கையின் சிவில் சேவைக்கு வந்தார். முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தார். 1907 இல் கண்டிக் கச்சேரிக்கு மாற்றம் கிடைத்தது. ஓராண்டு இங்கே இருந்தார். பிறகு அம்பாந்தோட்டை. 1911 இல் விடுமுறையில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. 1912 ஆகஸ்ட் மாதம் வர்ஜீனியா ஸ்டீபன் என்ற பெண்ணை மணந்தார். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள், அவர்தான் வர்ஜீனியா வுல்ஃப். அம்பாந்தோட்டைப் பக்கத்து ஏழைக் கிராமம் ஒன்றை வைத்து லெனார்ட் எழுதிய நாவல் 1913 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருடைய மனைவி கடும் மனநோயில் விழுந்தார்.

முதல் தடவை அல்ல. பதின்மூன்று வயதில் தாயை இழந்தபோது வர்ஜீனியாவுக்கு அந்த நோய் வந்தது. தந்தை இறந்தபோது மீண்டும் வந்தது. மனச்சோர்வும் அதன் எதிர்முனையான மனவெழுச்சியும் மாறி மாறி வரும் நோயாக அது இருந்திருக்கும் என்று இன்று பலர் கருதுகிறார்கள். லண்டனின் பெயர்பெற்ற வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? படுத்திரு. நிறையப் பால் குடி. உடம்பு பெருக்கட்டும். எழுதாதே. படிக்காதே. யாரையும் பார்க்காதே. எழுத்தையே உயிராகக் கொண்ட ஒரு பெண்ணிடம் எழுதாதே என்றார்கள். அந்தக் காலத்துக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

லெனார்ட் என்ன செய்தார்? மனைவி எப்போது தூங்கினார், எவ்வளவு சாப்பிட்டார், உடம்பு எப்படி இருந்தது என்று நாளாந்தம் குறித்து வைத்தார். விருந்தாளிகள் அதிக நேரம் இருந்தால் எழும்பி அனுப்பினார். 1917 இல் ஒரு சிறிய கையச்சு இயந்திரத்தை வாங்கி வீட்டுச் சாப்பாட்டறையில் வைத்தார். எதற்கு? மூளையைப் பிழிந்து எழுதும் மனைவிக்குக் கைவேலை ஒன்று இருந்தால் மனம் ஆறும் என்று நினைத்தார். வர்ஜீனியா எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார், தாளை மடித்தார், தைத்தார். அந்தச் சாப்பாட்டறையிலிருந்து ஹோகார்த் அச்சகம் என்ற புகழ்பெற்ற பதிப்பகம் பிறந்தது. 1915 இல் மீண்டும் வந்த கடும் நோய்க்குப் பிறகு நெடுங்காலம் வர்ஜீனியா தாக்குப்பிடித்தார். அவருடைய மிகப் பெரிய நூல்கள் எல்லாம் அந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவை.

ஆனால் 1941 இல், உலகப் போரின் நடுவில், நோய் திரும்பி வந்தபோது அவரைக் காப்பாற்ற முடியவில்லை. மார்ச் மாதம் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் அன்பு குறைவா? இல்லை. அறிவு குறைவா? இல்லை. பணமும் வைத்தியரும் குறைவா? இல்லவே இல்லை. பயன் தரும் மருந்துதான் இருக்கவில்லை. மனவெழுச்சி நோய்க்கு லித்தியம் உதவும் என்று அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் எழுதியது 1949 இல். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் புழக்கத்துக்கு வந்தது 1950களில். வர்ஜீனியா இறந்து இருபது வருடங்களுக்குள் எல்லாம் வந்துவிட்டன. நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. லெனார்ட் வேலை பார்த்த இதே கண்டியில் இன்று தோட்டத்துத் தாய் ஒருவர் பஸ் ஏறிப் போனால் அந்த மருந்து சதம் செலவில்லாமல் கிடைக்கிறது. அன்றைய லண்டனில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காதது, இன்று கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் இலவசம். அதை வாங்கப் போக நாம் வெட்கப்படலாமா?

இன்னொரு கதை சொல்கிறேன். இது நம் சொந்த நாட்டுக் கதை. உலகமே படிக்கும் கதை. நம்மில் பலருக்குத் தெரியாத கதை.

1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. ஏன்? நம் மக்கள் மற்ற நாட்டாரைவிடக் கோழைகளா? அன்பில்லாதவர்களா? கடவுள் பயமில்லாதவர்களா? காரணம் வேறு இடத்தில் இருந்தது. விவசாயம் மாறியதோடு கடும் நச்சுப் பீடைகொல்லிகள் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு சண்டை, ஒரு அவமானம், ஒரு கெட்ட பொழுது போதும்; கைக்கெட்டும் தூரத்தில் மரணம் இருந்தது.

இங்கிருந்து மகாவலி வந்த வழியே மேலே போனால் கெட்டம்பே வருகிறதல்லவா? அந்தப் பக்கத்தில்தான் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகம் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுத்தது. மிகக் கடுமையான நச்சு வகைகள் 1995 இல் தடுக்கப்பட்டன. இன்னொரு வகை 1998 இல் தடுக்கப்பட்டது. பிறகும் சில, 2008 இலிருந்து படிப்படியாக. பயிர் விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தார்கள், விழவில்லை. தற்கொலை விகிதம் விழுந்தது. பத்தே வருடத்தில் பாதியாகியது. அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனது. 1995 க்கும் 2015 க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தொண்ணூற்றுமூவாயிரம்! அஸ்கிரிய மைதானத்தில் கொள்ளாத கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் இன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

இந்தக் கதையில் நான் கண்டது என்ன? அந்த மக்களுக்குத் திடீரென்று மன உறுதி பிறந்துவிடவில்லை. யாரும் போய் அவர்களுக்கு நம்பிக்கைப் பிரசங்கம் செய்யவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கவில்லை. அதனால் ஒரு கெட்ட இரவு கடந்து போனது. விடிந்தது. விடிந்தபின் பெரும்பாலானவர்கள் வாழ்ந்தார்கள். கலியாணம் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரப்பிள்ளை கண்டார்கள். "இனி ஒன்றுமே இல்லை" என்று அந்த இரவில் மனம் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பிச் செயலில் இறங்காமல் தடுக்கக் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதுமாக இருந்தது.

ஆகவே விவசாயம் செய்யும் சகோதரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பீடைகொல்லிப் போத்தலை வீட்டுக்குள் வைக்காதீர்கள்; வைத்தே ஆகவேண்டுமானால் பூட்டுங்கள், திறப்பைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். வீட்டில் யாரேனும் மனம் உடைந்திருக்கும் காலத்தில் குளிசைகளையும் இன்னொருவர் வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. பொலிஸ் வரும், வழக்கு வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் இருக்கிறார்கள் இன்னும் சிலர். அந்தப் பயம் வேண்டாம். ஓடுங்கள். உடனே கொண்டு போங்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். எங்கே போவது? அங்கொடை மனநல வைத்தியசாலைக்கா? அந்தப் பெயரைச் சொன்னாலே நம் வீடுகளில் முகம் மாறுகிறது. மனநோய் என்றால் அங்கொடை, அங்கொடை என்றால் திரும்பி வராத இடம் என்ற பயம் பல தலைமுறையாக ஊறியது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சேவையை மக்களின் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. இன்று மாவட்ட வைத்தியசாலைகளிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் மனநல கிளினிக்குகள் நடக்கின்றன. உங்களுக்கு மெனிக்கின்ன கிட்டவா, தெல்தெனிய கிட்டவா? முதலில் அங்கே போய்க் காட்டுங்கள். தேவையென்றால் அவர்களே கடிதம் தந்து கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள்.

போனால் என்ன நடக்கும்? பயப்படும்படி ஒன்றும் நடக்காது. வைத்தியர் கேள்விகள் கேட்பார். தூக்கம், சாப்பாடு, யோசனை, குடிப் பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்பதெல்லாம் கேட்பார். இரத்தம் பார்க்கச் சொல்லலாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வு போலவே வேடம் போட்டுக்கொண்டு வரும். அதைப் பிரித்தறிய வேண்டும். ஒரு காலத்தில் காரணமில்லாத அதிகத் துள்ளலும், தூக்கமே வேண்டாத சுறுசுறுப்பும், கண்மண் தெரியாத செலவும் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வர்ஜீனியாவுக்கு இருந்தது போன்ற நோய்க்கு மருந்து வேறு.

மொழிப் பிரச்சினையை நான் மறைக்கப் போவதில்லை. கண்டியில் தமிழ் பேசும் நோயாளிக்கு முன்னால் சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் இருக்கலாம். கால் முறிந்தால் கையைக் காட்டிச் சொல்லலாம். மனம் முறிந்தால் எதைக் காட்டுவது? என் மனதை மிகவும் வருத்தும் காரியம் இது. தமிழ் பேசும் உளவளத்துணையாளர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் நிறைய வேண்டும்; கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து செய்கிறது என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, சிங்களம் தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து வயதுப் பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். தாயின் துயரத்தைத் தன் வாயால் சொல்லும் பாரம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

குளிசை தருவார்கள். ஃப்ளுவொக்ஸெட்டின் போன்ற மருந்துகள். முதல் கிழமை வயிறு குமட்டலாம், தலை இடிக்கலாம், பதற்றமும் கொஞ்சம் கூடலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு கிழமை, சிலருக்கு ஆறு கிழமையும் ஆகும். நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? நாலு நாள் குடித்துவிட்டு, "இது சரிவராது" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் சுகம் வந்ததும் நிறுத்துகிறார்கள். சுகம் வந்த பிறகும் ஆறு மாதமாவது குடிக்க வேண்டும். நிறுத்துவதானாலும் வைத்தியர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். "இது பழகிவிடும், சாகும்வரை விடாது" என்று ஊரில் சொல்வார்கள். சாராயம் போல ஆசை பிடித்து மேலும் மேலும் கேட்க வைக்கும் மருந்து அல்ல இது. மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும் உண்டு. லேசான நோய்க்கு அது மட்டுமே போதுமாக இருக்கலாம். சினிமாவில் காட்டும் "கரண்ட் வைப்பது" பற்றியும் பயம் இருக்கிறது. கடுமையான நோய்க்கு, சாப்பிடவும் பேசவும் மறந்தவர்களுக்கு, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை அது. பல உயிர்களை மீட்டிருக்கிறது.

கோவிலுக்கு நேர்த்தி வைக்கிறீர்களா? வையுங்கள். ஓதிப் பார்க்கிறீர்களா? பாருங்கள். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. தெய்வத்தின் முன்னால் அழுது மனம் லேசானவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கையில் நூல் இருக்கட்டும். பையில் கிளினிக் கொப்பியும் இருக்கட்டும்.

இப்போது, வீட்டில் நாமே செய்யக்கூடியது. மனச்சோர்வில் விழுந்தவர் சொல்வார்: "மனம் வந்தா செய்வேன்." ஆனால் அந்த நோயில் மனம் வராது. காத்திருந்தால் வரவே வராது. மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்; செய்யுங்கள், மனம் பின்னால் வரும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. செயலிலிருந்து தொடங்கும் சிகிச்சையை வைத்தியர்கள் பரிசோதித்துப் பயன் கண்டிருக்கிறார்கள். கோவாவில் மனநலப் படிப்பே இல்லாத சாதாரண ஊர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு, எட்டு சந்திப்புகளில் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பலன் கிடைத்தது, 2017 இல் அது மருத்துவ உலகின் பெரிய சஞ்சிகை ஒன்றில் வெளியானது.

எவ்வளவு சிறிதாகத் தொடங்கலாம்? வெட்கப்படும் அளவு சிறிதாகத் தொடங்கலாம். முதல் நாள் முகம் கழுவி வாசலில் வந்து உட்காருங்கள். அவ்வளவுதான் அன்றைய வேலை. மறுநாள் பீலி வரை நடங்கள். அடுத்த நாள் நடந்து, குளித்து, தலை சீவுங்கள். ஒரு கிழமை கழித்து இரண்டு மிளகாய்க் கன்று நடுங்கள். ஒரு பழைய கொப்பியில் எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், செய்ய முன் மனம் எப்படி இருந்தது, செய்த பின் எப்படி இருந்தது. எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லி ஒரு கோடு போடச் சொல்லுங்கள். "நான் எதுக்கும் ஒதவாதவ" என்று மனம் வழக்குப் போடும் நாளில் அந்தக் கொப்பி உங்கள் பக்கம் சாட்சி சொல்லும். தன்மதிப்பு அப்படித்தான் திரும்பி வருகிறது. ஒரு கோடு, இன்னொரு கோடு, இன்னொரு கோடு.

தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். மாலைக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனாலும் சொல்கிறேன். ஆண்களே, கசிப்பும் சாராயமும் இந்த நோய்க்கு மருந்தல்ல. அன்றிரவு மறக்க வைத்து மறுநாள் காலை இரட்டிப்பாகத் திருப்பித் தரும். பல வீடுகளில் பெண் அழுகிறாள், ஆண் குடிக்கிறான். இரண்டும் ஒரே நோயாக இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

சிம்பாப்வே நாட்டில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் இருக்கிறார். அவரிடம் வைத்தியம் பார்த்த இளம்பெண் ஒருத்தி தற்கொலையால் இறந்தாள். ஏன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரவில்லை என்று தாயிடம் கேட்டார். "பஸ் கூலி இருக்கவில்லை" என்றார் தாய். பஸ் கூலி! நம் தோட்டங்களில் கேட்காத பதிலா அது? சிபாண்டா அந்தப் பதிலை மறக்கவில்லை. 2006 இல் ஹராரே நகரத்து ம்பாரே என்ற ஏழைக் குடியிருப்பில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக்குக்கு வெளியே மர வாங்குகள் போட்டு, அவர்களை உட்கார வைத்தார். துயரத்தோடு வருபவரிடம் பாட்டி கேட்கிறார், கேட்கிறார், அவசரமில்லாமல் கேட்கிறார். பிறகு, பல பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு சிறிய காரியத்தை இருவருமாகத் தீர்மானிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அளந்து பார்த்தபோது வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட வாங்கில் உட்கார்ந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். 2016 இல் அந்த ஆய்வு வெளியானது. நம்மிடம் அம்மாயிமார் இல்லையா? உம்மும்மாமார் இல்லையா? ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் ஒரு வாங்கு போட நமக்கு என்ன தடை?

குடும்பத்தாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "மனசத் திடப்படுத்திக்க", "உனக்கென்ன குறை", "மத்தவங்களப் பாரு" என்று சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரியும். அவருடைய காதில் அது "உன் தப்பு" என்றே விழும். "வா, பீலி வரைக்கும் நானும் வாறேன்" என்று சொல்லுங்கள். கிளினிக் நாளில் அரைநாள் பேர் போனாலும் கூடப் போங்கள்.

உயிரை விட நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? நேராகக் கேளுங்கள். "செத்துப் போகலாம்னு நினைப்பு வருதா?" என்று, கண்ணைப் பார்த்து, மெதுவாக. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் இருப்பது தெரிந்து பலர் அழுதுவிடுவார்கள். அழட்டும். அவர் ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் ஆபத்தானவற்றை அகற்றுங்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். இரவானால் வெளிநோயாளர் பிரிவு மூடியிருக்கலாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எந்த நேரத்திலும் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். 1333 என்ற இலக்கத்திலும் உளவளத்துணை கிடைக்கும். 1974 இலிருந்து மனம் உடைந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு வரும் சுமித்ரயோ அமைப்புக்குக் கண்டியிலும் கிளை உண்டு.

வாசலில் இருக்கும் தம்பிமாரிடம் துண்டுத் தாள் இருக்கிறது. உங்கள் கேள்விகளை எழுதிக் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். கிளினிக்குக்குக் கூடவர ஆள் வேண்டும் என்பவர்கள் கூட்டம் கலைந்த பிறகு மேடைப் பக்கம் வாருங்கள். சிங்களம் நன்றாகப் பேசக்கூடிய ஆசிரியைகள் சிலர் வருவதாக ஒத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எந்த நாள், எந்த வைத்தியசாலை, எத்தனை மணி பஸ் என்பதை இன்றைக்கே பேசி முடிவு செய்துவிடலாம்.